ஓடும், ஓடாது

எங்கள் கார்மெண்டில், அதாவது தையல் தொழிற்சாலையில், ஓர் ஆளோ பொருளோ தேறுமா என்று தீர்ப்புச் சொல்ல இரண்டே சொற்கள்தான் இருந்தன. ஓடும். ஓடாது. அந்தத் தீர்ப்பைச் சொல்வது முதலாளியான நான் அல்ல. சட்டைப் பை தைக்கும் வரிசையில் முதல் மெசினில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் யாராவது இதைக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவரும் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு சொல் சொல்வார். எந்தச் சொல் என்று எனக்கு இப்போதே தெரியும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மடுல்கெல்லவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தேன். கண்டியில் புடைவைக் கடைகளுக்குத் துணிப் பேல் சுமந்தேன். நடைபாதையில் கட்பீஸ் விற்றேன். இன்று மடவளைக்குப் போகிற வீதியில் சொந்தக் கட்டடத்தில் நாற்பது மெசின் போட்டிருக்கிறேன். காலையில் இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நின்று பாருங்கள், உள்ளே போகிற வெள்ளைச் சட்டைகளில் பாதி என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இவ்வளவையும் செய்த எனக்கு ஒரு பிள்ளையின் கையைப் பார்த்து அவள் தைப்பாளா மாட்டாளா என்று சொல்லத் தெரியாது. எனக்குத் துணி தெரியும், விலை தெரியும், மனிதர்களிடம் பேசத் தெரியும். தையல் தெரியாது. அதனால் புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களை அந்தம்மாவிடம் அனுப்பிவிடுவேன்.

அவர் பரீட்சை வைக்கும் விதம் வேறு எந்தக் கார்மெண்டிலும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. வந்த பிள்ளையை மெசினில் உட்கார வைப்பார். பழைய துணியில் பை வைத்துத் தைக்கச் சொல்வார். தான் பக்கத்துக் கதிரையில் பிளேன்டீயோடு உட்கார்ந்துகொள்வார். மெசின் ஓடத் தொடங்கியதும் கதை கேட்பார்.

"எந்த ஊரு?"

"தெல்தோட்டைங்க."

"நமக்கும் அங்கதான். பஸ்ல சீட்டு கெடச்சிச்சா?"

தைத்துக்கொண்டே அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிற பிள்ளை ஓடாது. பதில் சொல்வதற்காக மெசினை நிறுத்துகிற பிள்ளை இப்போதைக்கு ஓடாது, ஆறு மாதம் கழித்து வரலாம். கண்ணைத் துணியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் பதில் சொல்கிற பிள்ளை ஓடும். தைத்த பையைக் கடைசியில்தான் எடுத்துப் பார்ப்பார். பல தடவை பார்க்காமலே வைத்துவிடுவார்.

"பையப் பாக்காம எப்படிம்மா சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பை இன்னைக்குக் கோணலா வரும், நாளைக்கு நேரா வரும் மொதலாளி. கை கோணலா இருந்தா என்ன செய்யிறது?"

எங்கள் கார்மெண்டில் சிங்களப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இந்த இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டன. சிங்களத்தில் பேசிக்கொண்டே போய் கடைசியில் 'ஓடாது' என்று தமிழில் முடிப்பார்கள். கன்டீன் சாம்பார் ஓடாது. புது சூப்பர்வைசர் ஓடும். கரண்ட் வெட்டு நடந்த காலத்தில் இருட்டில் உட்கார்ந்துகொண்டு அரசாங்கத்துக்கே தீர்ப்பு வழங்கினார்கள். என்ன தீர்ப்பு என்று எழுதத் தேவையில்லை.

ஒரு தடவை என் சம்சாரத்தின் அண்ணன் மகள் வேலைக்கு வந்தாள். பரீட்சை நடந்தது. ஓடாது. எனக்கு வீட்டுக்குப் போக முகமில்லை. அந்தம்மாவைத் தனியே கூப்பிட்டேன்.

"சொந்தக்காரப் புள்ளம்மா. ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா என்ன கொறஞ்சிரும்?"

"நீங்க எடுங்க மொதலாளி. ஒங்க கார்மெண்ட். நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

எடுத்தேன். அந்தப் பிள்ளை ஒரு முழுக் கட்டுச் சட்டைக்கு இடது கையை வலப்பக்கமும் வலது கையை இடப்பக்கமும் வைத்துத் தைத்தாள். அந்தம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து மனதுக்குள் வைத்திருந்தேன். அடுத்த வருடம் அவருடைய சொந்தத் தங்கை மகள் பையோடு வந்து இறங்கினாள். பெரியம்மா இருக்கும் இடத்தில் வேலை நிச்சயம் என்று ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மற்றவர்களுக்கு வைத்த அதே கதிரை, அதே பிளேன்டீ. "அம்மா சுகமா இருக்காளா?" என்று கேட்டார். பிள்ளை முகத்தைத் திருப்பி, "இருக்காங்க பெரியம்மா" என்று சிரித்தது. ஓடாது. பிள்ளை அழுதுகொண்டு பின்னேர பஸ்ஸில் போனது. தங்கை அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். பலகாரம் ஓடும் என்று அந்தம்மாவே சொல்லியிருக்கிறார்.

அவர் பிழைவிட்டதும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியை ஒரு த்ரீவீல்காரப் பையன் விரும்பினான். கேட்டடியில் அவன் நிற்பதைச் சில நாள் பார்த்துவிட்டு, ஓடாது என்றார். அந்தப் பிள்ளை கேட்கவில்லை, கட்டிக்கொண்டது. இரண்டு குழந்தைகள் ஆகி, கலகெதர பக்கம் சொந்தமாக வீடும் கட்டிய பிறகு, அந்தம்மா சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார். "அந்தப் பையனப் பத்தி நான் சொன்னது பிழை" என்றார். பிறகு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். எல்லாரும் எப்போதோ மறந்துபோன விடயம் அது. அவர் மறக்கவில்லை.

என்னைப் பற்றியும் ஒருநாள் கேட்டேன். சுயமாக முன்னுக்கு வந்தவன், நாலு பேர் மதிக்கிறவன், பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"மொதலாளியப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"

"பேச்சு கொறஞ்சா ஓடும்," என்றார்.

இவ்வளவும் நான் சொல்வது அந்த மெசின் வருவதற்கு முந்திய கதை.

என் மகன் கொழும்பில் படித்துவிட்டு வந்தவன். இனிமேல் கார்மெண்டில் ஆட்களை நம்பியிருக்க முடியாது என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. 'தையல் மெசின் இயக்குவோர் தேவை' என்று எங்கள் கேட்டில் தொங்குகிற பலகை கழற்றப்பட்டதே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் போன் கடையில் நிற்கப் போகிறார்கள், வெளிநாட்டுக்குப் போகிறார்கள், தையலுக்கு வருவதில்லை. ஒரு பக்கம் ஆள் கிடைக்காது என்று மெசின் வாங்குகிறோம். மறு பக்கம் மெசின் வந்ததும் இருக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்புகிறோம். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இது எனக்குப் பிடிபடவில்லை. படித்தவனான என் மகனுக்கும் பிடிபடவில்லை என்பதுதான் ஆறுதல்.

மடவளையில் மெசின் வியாபாரம் செய்கிற முஸ்லிம் நானா ஒருவர் எனக்குப் பழக்கம். மூடிப்போன ஒரு பெரிய கார்மெண்டில் இருந்து பை தைக்கும் ஆட்டோமெட்டிக் மெசின் ஒன்றை எடுத்து வந்திருந்தார். சட்டைத் துணியையும் வெட்டிய பைத் துணியையும் கொண்டுபோய் வைத்தால் போதும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஓரத்தை மடிக்கும், அழுத்தும், தைக்கும், நூலை அறுக்கும், பக்கத்தில் அடுக்கியும் வைக்கும். எங்கள் பை வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். அந்தம்மா, புஷ்பா, இரண்டு சின்னப் பிள்ளைகள். மெசினுக்குத் தேவை துணி வைக்க ஓர் ஆள்.

"ஒரு கெழம வெச்சிப் பாருங்க மொதலாளி," என்றார் நானா. "சரி வந்தா எடுங்க. சரி வரல்லயா, நான் வந்து தூக்கிட்டுப் போறேன்."

நானும் ஒரு முடிவு எடுத்தேன். புது ஆளை வேலைக்கு எடுக்க எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இதுவும் புது ஆள்தானே. அந்தம்மா ஓடும் என்றால் வாங்குவது, ஓடாது என்றால் திருப்பி அனுப்புவது. இதை வரிசை முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். புஷ்பா சந்தோஷப்பட்டாள். வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷனை வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவள் அவள்.

"ஒத்த வார்த்தக்கா," என்று அந்தம்மாவின் காதில் சொன்னது எனக்கே கேட்டது. "ஓடாதுன்னு சொல்லுங்க, நாலு வீட்டுல அடுப்பு எரியும். அந்த வார்த்தைய எத்தன பேருக்குச் சொல்லியிருக்கீங்க. ஒரு இரும்புக்குச் சொன்னா என்ன?"

"இன்னும் அவன் தச்சு நான் பாக்கலியே," என்றார் அந்தம்மா.

அந்த ஒரு வாரத்துக்குள் ஆயுத பூசையும் வந்தது. எங்கள் கார்மெண்டில் பூசை என்றால் பெரிய பூசை. எல்லா மெசினையும் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமப் பொட்டு வைப்போம். பை வரிசைக்குப் பொட்டு வைப்பது புஷ்பா. சாதாரண மெசினுக்குத் தலை எங்கே, நெற்றி எங்கே என்று அவளுக்குத் தெரியும். புது மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முன்பக்கம் நடுவில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. நெற்றியில் பொட்டுக்கென்றே இடம் விட்டதுபோல இருந்தது. அங்கே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். பக்கத்திலேயே தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா நின்றார்.

மறுநாள் மெசின் வேலை செய்யவில்லை. விளக்கு எரிகிறது, இரைகிறது, துணியை வைத்தால் சும்மா நிற்கிறது. மகன் நிறுத்திப் போட்டான், போட்டு நிறுத்தினான். பிறகு நானாவுக்குப் போன் எடுத்தான். நானா வந்து பின்பக்கம் கழற்றினார், அடிப்பக்கம் கழற்றினார், பட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். முன்பக்கம் மட்டும் அவர் போகவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"முந்தாநாள் நல்லாத்தானே ஓடின. இப்ப என்னண்டு வெளங்குதில்ல மொதலாளி. கடைக்கிக் கொண்டுபோய்த்தான் பாக்கோணும்."

"கொண்டு போங்க," என்றேன். "திருப்பிக் கொண்டு வரத் தேவையில்ல. மொதல் கெழமையிலயே லீவு போடுற ஆள நான் வேலைக்கு எடுக்கிறதில்ல."

பை வரிசையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளைகள் இரண்டும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டன. லொறியைப் பின்னால் எடுக்கச் சொல்லி நானா வாசலுக்குக் குரல் கொடுத்தார். அதோடு விடயம் முடிந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வழக்கத்தை விடக்கூடாதே என்று அந்தம்மா பக்கம் திரும்பினேன்.

"என்னம்மா, ஓடாதுதானே?"

புஷ்பா கீழே அவர் காலை மிதிப்பது தெரிந்தது.

"இத வச்சுச் சொல்ல ஏலாது மொதலாளி," என்றார் அந்தம்மா. "அவன் கண்ணு மேல சந்தனம் அப்பியிருக்கு. என் கண்ணுல அப்பினா நானும்தான் தைக்க மாட்டேன். தொடச்சிட்டு ஓட விடுங்க. பொறகு சொல்றேன்."

மகன் நானாவைப் பார்த்தான். நானா சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்தார்.

"எனக்கும் அதுல ஒரு சந்தேகம்தான். நீங்க பூச வெச்ச எடம்தானே. நான் போய் அத அழிச்சா நல்லமில்லண்டு கை வெக்காம இருந்த."

மகனும் அதையே நினைத்திருக்கிறான். வீட்டில் தன் அம்மாவுக்குத் தெரிந்தால் ஏசுவார் என்று அந்தப் பொட்டைத் தொடாமல், அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் துடைத்திருக்கிறான்.

துடைத்தார்கள். அந்தம்மா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மெசினுக்குப் பக்கத்தில் போட்டார். பிளேன்டீ கேட்டார். மெசின் ஓடியது.

"எந்த ஊரு?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மெசின் ஒரு பையை முடித்து அடுத்ததை எடுத்தது.

"வீட்டுல எத்தன பேரு?"

அது அடுத்ததையும் முடித்தது. டீ முடியும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அது தைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அடுக்கில் இருந்து ஒரு சட்டையை எடுத்துப் பையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அன்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். ஏதாவது ஒரு கோணல் இருக்காதா என்று அவர் தேடுவது எனக்குப் புரிந்தது. நாற்பது மெசினும் நின்றுவிட்டன. எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓடும்," என்றார்.

புஷ்பா எழுந்து வெளியே போனாள்.

வாங்கினேன். சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவன் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருவரையும் காலர் வரிசைக்கு மாற்றினேன். மிச்சம் இருந்தது அந்தம்மாவும் புஷ்பாவும், மெசினுக்கு வேண்டியது ஒருவர். அந்தம்மாவை வைத்துக்கொண்டேன். புஷ்பாவுக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது அவள் எனக்குக் கும்பிடு போட்டாள். அந்தம்மாவைக் கடந்து போகையில் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் சாப்பாட்டு நேரத்தில் அந்தம்மா இருந்த மேசைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். அவர் தன் சோற்றுப் பார்சலை மெசினுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"தனியா சாப்பிடுறீங்களே," என்றேன்.

"இவன் இருக்கானே," என்றார்.

புதிதாக வேலை கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். பரீட்சையும் குறைந்தது. துணி வைக்கிறதுதான் அவருடைய வேலை. அந்த மெசினில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. துணியைக் கொஞ்சம் சரிவாக வைத்தால் எரியும், எடுத்து மறுபடி நேராக வைக்க வேண்டும். முதல் மாதங்களில் அது எரிந்து நான் கண்டதில்லை. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிந்தது. பிறகு அடிக்கடி எரிந்தது. அவருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நெடுநாளாக இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. துணியின் ஓரம் விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து வைப்பதற்கு நேரம் பிடித்தது. அவசரப்பட்டால் விளக்கு எரிந்தது.

ஒருநாள் ஆபீஸ் அறைக்கு வந்து கதவடியில் நின்றார்.

"மொதலாளி, அவன் என்னய ஓடாதுன்னு சொல்றான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மகனைக் கூப்பிட்டேன். அவன் வந்து, "அது பெரிய விசயமில்ல அக்கா. விளக்கு அவ்வளவு சீக்கிரம் எரியாத மாதிரி செட்டிங்ஸ மாத்தலாம்" என்றான்.

"மாத்தினா?"

"கொஞ்சம் கோணலா வச்சாலும் தச்சிரும்."

"அப்ப கோணலாத்தானே தைக்கும்."

"அந்தச் சின்னக் கோணல யாரு தம்பி பாக்கப் போறா?" என்று நான் மகனைப் பார்த்துக் கேட்டேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.

"என் தங்கச்சி மக பாப்பா மொதலாளி," என்றார் அந்தம்மா. "நான் திருப்பி அனுப்பின அத்தன புள்ளைங்களும் பாக்கும். அவளுகளுக்கு யாரும் வெளக்கக் கொறச்சு வைக்கல."

நான் வியாபாரி. பேரம் பேசுவது என் தொழில். நூல் பிசிறு வெட்டுகிற வேலை தருகிறேன் என்றேன். அதற்கு ஆள் இருக்கிறது என்றார். சும்மா வந்து உட்கார்ந்திருங்கள், சம்பளம் தருகிறேன் என்றேன். எத்தனையோ கடன்காரர்களையும் அதிகாரிகளையும் பேசி மடக்கிய வாய் இது. அந்தம்மா கேட்டுக்கொண்டே நின்றார். நான் பேசி முடித்ததும் ஒன்றுதான் சொன்னார்.

"அந்த எடத்துக்குப் புஷ்பாவக் கூப்பிடுங்க. அவ கை ஓடும்."

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுகொண்டார். பிரியாவிடை வைக்கக் கேக் வாங்கியிருந்தேன். மரியாதைக்கு எல்லாரும் வந்தார்கள், இரண்டு பேர் அழுதார்கள். சீனி வருத்தம் என்பதால் அவர் கேக் சாப்பிடவில்லை. அன்று பின்னேரம் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறிப் போனார்.

நான் புஷ்பாவுக்குப் போன் எடுத்தேன். கலஹாவில் ஒரு கடையில் மரக்கறி நிறுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். விடயத்தைச் சொன்னேன். வேறு யாருக்கோ கரட்டின் விலையைச் சொல்வது கேட்டது. பிறகு திரும்பி வந்தாள்.

"அந்தக்காவா என்னயக் கூப்பிடச் சொன்னாங்க?"

"ஆமா."

"நீங்க கேட்டுச் சொன்னாங்களா, கேக்காமச் சொன்னாங்களா?"

"கேக்காமத்தான். அவ கை ஓடும்னாங்க."

தராசில் எதையோ கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்படின்னா என் கை நல்லாத்தான் இருந்திருக்கு மொதலாளி," என்றாள்.

திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதுதான், அது பத்தாது என்றாள்.